தொட்டிலும் செங்கோலும்

தமிழில் பிள்ளைத்தமிழ் என்பதொரு நூல்வகை உண்டு. தாம் போற்றும் தெய்வத்தையோ மன்னனையோ குழந்தையாக வைத்துப் புலவர் பாடுவது அது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மையை அவ்வாறே பாடினார்.

பிள்ளைத்தமிழுக்குப் பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் ஆண்பால், பெண்பால் இரண்டற்கும் பொதுவாவன. அவற்றின் பின்னர்ச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றும் ஆண்பாற்கு உரியன. பெண்பாற்கு வேறு மூன்று உண்டு. இப்பருவங்களைப் பாட்டியல் நூலார் திங்கட் கணக்கில் வகுத்து வைத்தனர். 3ஆம் திங்களில் காப்பு. 5ஆம் திங்களில் செங்கீரை. 9ஆம் திங்களில் சப்பாணி. 13ஆம் திங்களில் வருகை. 15ஆம் திங்களில் அம்புலி. இவ்வாறு ஒற்றைத் திங்கள்தோறும் ஒரு பருவமாக 21ஆம் திங்கள் வரை அக்கணக்குச் செல்கின்றது. தலை நிமிர்த்து ஆடுவது எப்பொழுது, கை கொட்டுவது எப்பொழுது, தளர்நடை இடுவது எப்பொழுது என்று ஒரு குழந்தையின் வளர்ச்சியை இருதிங்களுக்கு ஒருமுறை நின்று நோக்கிய பெருமை தமிழ்ப் புலவர்க்கு உரியது.

இக்கால மருத்துவ அறிஞரும் அத்தகையதொரு கணக்கினை வகுத்துள்ளனர். தாய் கருவுற்ற நாள்முதல் குழந்தையின் இரண்டாம் ஆண்டு நிறைவெய்தும் நாள்வரை உள்ள காலத்தை அவர்கள் 'முதல் ஆயிரம் நாள்' என்பர். கருவில் இருக்கும் நாள் 270, பிறந்தபின் ஈராண்டுக்கு 730 நாள், ஆக 1,000. மூளை மிக விரைந்து வளர்வது இக்காலத்தில்தான். இந்நாள்களில் ஊட்டம் குன்றிய குழந்தை உயரத்தில் குன்றும். கற்கும் ஆற்றலிலும் பின்தங்க நேரும். அக்குறையைப் பிற்காலத்தில் முற்றும் ஈடுசெய்தல் அரிது. புலவர் பாடிய பருவங்கள் பத்தும் இவ்வாயிரம் நாளுக்குள்ளேயே அடங்குகின்றன என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. புலவர் பாடிய தொட்டில்கள் கோயிலிலும் அரண்மனையிலும் ஆடியவை. கட்டடம் எழும் இடத்தில், வேப்பமரத்துக் கிளையில் பழஞ்சேலையால் தூளி கட்டிக் குழந்தையைக் கிடத்திவிட்டுச் செங்கல் சுமக்கச் செல்கின்றாளே ஒரு தாய், அவள் குழந்தைக்கும் செங்கீரையும் சப்பாணியும் வருகையும் உண்டு. அக்குழந்தையின் திங்களை எண்ணுவார் யாவர்?

முற்காலத்தில் அவ்வெண்ணிக்கை பெரும்பாலும் குடும்பத்திற்குள்ளேயே நடைபெற்றது. பாட்டியும் அத்தையும் பெரியம்மையும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். தாய் வயலுக்குச் சென்றால் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கைகள் இருந்தன. இன்று குடும்பங்கள் சிறுத்துவிட்டன. பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் செல்வோர் பெருகிவிட்டனர். புதிய ஊரில் அறையொன்றில் குடியிருக்கும் இளந்தாய்க்குப் பாட்டியும் இல்லை, அத்தையும் இல்லை. வேலைக்குச் செல்லாவிடின் உணவில்லை. சென்றால் குழந்தைக்குக் காவல் இல்லை. இவ்விரண்டிற்கும் இடையே அவள் நாள்தோறும் தவிக்கின்றாள்.

இந்நிலையில் தாங்குவது அரசின் கடன் என்பது புதிய கருத்தன்று. சங்கப் புலவருள் ஒருவராகிய பொன்முடியார், ஒரு மகனை ஆளாக்கும் பொறுப்பினைப் பலர்க்கும் பகுத்துக் கூறினார். தாய்க்கு ஒரு பங்கு, தந்தைக்கு ஒரு பங்கு, வேல் வடிக்கும் கொல்லனுக்கு ஒரு பங்கு, நாடாளும் வேந்தனுக்கு ஒரு பங்கு என்பது அவர் செய்த பாகுபாடு. அது போர்க்காலப் பாட்டு. எனினும், குழந்தை வளர்ப்பில் அரசுக்கும் ஒரு பங்கு உண்டு என்னும் கருத்து அதனுள் அமைந்து கிடக்கின்றது. இன்று நமக்கு வேண்டுவது வேலன்று. பாலும் தடுப்பூசியும் பாதுகாவலுமே. பங்கு மட்டும் மாறவில்லை.

உழைக்கும் தாய்க்கு ஓய்வு வேண்டும் என்னும் குரல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் எழுந்தது. 1919ஆம் ஆண்டில் வாசிங்டன் நகரில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் ஆறாறு வாரம் தாய்க்கு விடுப்பு வேண்டுமென்று உடன்படிக்கை கண்டது. இந்தியாவில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1928ஆம் ஆண்டில் இது பற்றிய சட்ட முன்வரைவு ஆராயப்பட்டபோது, அண்ணல் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுதல் நாட்டின் நலத்திற்கே உரியது; ஆதலின் அதற்காகும் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்றல் முறை என்பது அவர் கருத்து. அச்சட்டம் 1929இல் நிறைவேறியது.

நாடு விடுதலை பெற்றபின் வகுக்கப்பெற்ற அரசியலமைப்பின் 42ஆம் உறுப்பு, நேரிய வேலை நிலைமைகளுக்கும் மகப்பேற்றுதவிக்கும் அரசு வழிசெய்தல் வேண்டும் என்று நெறி காட்டுகின்றது. 1961ஆம் ஆண்டில் மகப்பேற்று நலச் சட்டம் இந்தியா முழுமைக்குமாக இயற்றப்பெற்றது. அது 12 வார விடுப்பினை ஊதியத்துடன் அளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரு குழந்தைகளின் பேற்றுக்கு அவ்விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அவ்வுரிமை இடம்பெற்றது.

அஃது ஏன் 26 வாரம் என வினவலாம். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும். முதல் ஆறு திங்கள் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் ஊட்டுதல் வேண்டா என்பது மருத்துவர் விதி. ஆறு திங்கள் என்பது 26 வாரம். மூன்றாம் திங்களில் தாயை வேலைக்கு அழைத்துவிட்டுக் குழந்தைக்கு ஆறு திங்கள் பாலூட்டுக என்று கூறுதல், கிணற்றை மூடிவிட்டுத் தண்ணீர் இறைக்கச் சொல்வதனோடு ஒக்கும். வேலைக்குத் திரும்பிய பின்னரும், குழந்தை 15 திங்கள் எய்தும்வரை, நாள்தோறும் இருமுறை பாலூட்டும் இடைவேளை தாய்க்கு உண்டு எனச் சட்டம் வகுத்தது. பிள்ளைத்தமிழில் 15ஆம் திங்கள், குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைக்கும் அம்புலிப் பருவம். புலவர் நிலவை அழைத்த திங்கள்வரை தாயைக் குழந்தையிடம் அழைக்கின்றது சட்டம்.

சட்டத்தினும் நெருங்கிச் சென்று தொட்டிலருகே நின்ற திட்டங்கள் சில உண்டு. தமிழகத்தின் வரலாறு இதற்குச் சான்றாகும். 1971ஆம் ஆண்டில் தமிழகத்தில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 113 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. ஏறத்தாழ ஒன்பது தொட்டிலுக்கு ஒரு தொட்டில் வெறுமையாயிற்று என்பது இதன் பொருள். அத்துயர் நேராத தெருவே இல்லை எனலாம்.

1975ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித்திட்டம் இந்தியாவில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. அங்கன்வாடி என்னும் பெயர் அதன்வழியே நாடெங்கும் பரவியது. ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கும், கருவுற்ற தாய்மார்க்கும், பாலூட்டும் தாய்மார்க்கும் இணையுணவு, தடுப்பூசி, உடல்நல ஆய்வு முதலியன ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

1980ஆம் ஆண்டில் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அது செய்த பணி எளியது, ஆனால் நுண்ணியது. 6 திங்கள் முதல் 36 திங்கள் வரை வயதுள்ள சிற்றூர்க் குழந்தைகளைத் திங்கள்தோறும் தராசிலிட்டு நிறுத்தனர். ஊரிலேயே வாழும் பெண் ஒருத்தி பயிற்சி பெற்று அப்பணியைச் செய்தாள். எடையினை ஓர் அட்டையில் புள்ளியாகக் குறித்து, முன்திங்கட் புள்ளியோடு கோட்டால் இணைத்தாள். கோடு மேல்நோக்கிச் சென்றால் குழந்தை தேறுகின்றது. படுத்தாலோ சரிந்தாலோ குழந்தை மெலிகின்றது. நாள்தோறும் இடுப்பில் சுமக்கும் தாயின் கண்ணுக்கு மெலிவு எளிதில் புலப்படாது. நோய் முற்றி உடல் வாடியபின் மருத்துவரிடம் ஓடுவதே வழக்கமாய் இருந்தது. அந்தக் கோடோ நோய்க்கு முன்னரே செய்தி கூறிவிடும். எடை சரிந்த குழந்தைக்கு உடனே சத்துருண்டை அளித்தனர், தேறியபின் நிறுத்தினர். தாய்க்கும் உணவுமுறை கற்பித்தனர். எழுத்தறியாத தாயும் அக்கோட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். திங்கள் எண்ணும் புலவர் பணியை ஊர்ப்பெண் ஒருத்தி தராசு கொண்டு செய்தாள் என்றே கூறலாம்.

1982ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி செல்லும் சிறுவர்க்கேயன்றிப் பள்ளிப் பருவம் எய்தாத மழலையர்க்கும் நண்பகல் உணவு வழங்கியது. 1987ஆம் ஆண்டில், ஏழைத் தாய்மார்க்கு மகப்பேற்றுக் காலத்தில் பணவுதவி செய்யும் திட்டம் ஒன்று எழுந்தது. அது மருத்துவர் முத்துலட்சுமி அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டில் பிறந்து, பெண்கள் கற்பதே அரிதாயிருந்த காலத்தில் மருத்துவம் பயின்று, சென்னைச் சட்டமன்றத்தின் முதற்பெண் உறுப்பினராய் விளங்கிய அவர்க்கு இதனினும் பொருத்தமான நினைவுச்சின்னம் வேறில்லை. அவ்வுதவி 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், பின்னர் ஊட்டப்பொருள் உட்பட 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. கருவுற்ற தொடக்கத்திலேயே செவிலியரிடம் பதிந்துகொள்ளுதல், மருத்துவ ஆய்வு, தடுப்பூசி ஆகியவற்றோடு அதன் தவணைகள் இணைக்கப்பெற்றன. கொடை தாயை மருத்துவமனைக்கு அழைக்கும் தூதாகவும் ஆயிற்று.

இதன் பயன் என்னை? 1971இல் ஆயிரத்திற்கு 113ஆக இருந்த குழந்தை இறப்பு, 2020இல் 13ஆகக் குறைந்தது. அவ்வாண்டில் இந்தியா முழுமைக்கும் அது 28. பெண்கல்வி, மருத்துவமனைப் பேறு, தடுப்பூசி, தூய குடிநீர் என இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் எதுவும் தானாக நிகழ்ந்ததன்று. ஒவ்வொன்றின் பின்னும் மக்களின் கோரிக்கையும் அரசின் செயலும் நின்றன.

வடபுல நாடாகிய பின்லாந்தின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1930களில் அது வறிய நாடு; பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 65 இறந்தன. ஆர்வோ யுல்ப்போ என்னும் குழந்தை மருத்துவர் முதலியோர் முயற்சியால் தாய்சேய் நல நிலையங்கள் ஆங்கு எழுந்தன. 1938ஆம் ஆண்டில் ஏழைத் தாய்மார்க்குக் குழந்தைத் துணிமணிகள் அடங்கிய பெட்டி ஒன்றை அரசு வழங்கத் தொடங்கிற்று. 1949இல் செல்வர், வறியர் என்னும் வேறுபாடின்றி எல்லாத் தாய்மார்க்கும் அது உரியதாயிற்று. கருவுற்ற நான்காம் திங்கள் முடியுமுன் மருத்துவ ஆய்வு செய்துகொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. பெட்டியை வெறுமையாக்கி மெத்தை இட்டால் அதுவே குழந்தையின் முதல் தொட்டில். செல்வர் குழந்தையும் ஏழை குழந்தையும் அங்கு ஒரே வகைத் தொட்டிலில் கண்வளர்ந்தன. இன்று உலகில் குழந்தை இறப்பு மிகக் குறைந்த நாடுகளுள் பின்லாந்து ஒன்றாகும். தமிழகமும் 2015ஆம் ஆண்டில், அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பதினாறு பொருள்கள் அடங்கிய பெட்டகம் வழங்கத் தொடங்கியது. அதனுள் துண்டு, கொசுவலை, கிலுகிலுப்பை ஆகியவற்றோடு தாய்க்கென்று சுண்டி இலேகியமும் இருந்தது.

செய்தவற்றைப் போற்றுதல் நன்று. செய்யவேண்டுவன எவை என்று காண்டல் அதனினும் நன்று. தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு 2021ஆம் ஆண்டு முதல் 12 திங்கள் மகப்பேற்று விடுப்பு உண்டு. ஆனால் நாட்டில் உழைக்கும் பெண்களுள் மிகப் பலர் அரசுப் பணியாளர் அல்லர். ஆலைப் பணியாளரும் அல்லர். வயலில் நாற்று நடுவோர், செங்கல் சூளையில் வேகுவோர், பீடி சுற்றுவோர், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்குவோர் அவர்கள். அவர்களுக்கு ஊதியத்துடன் விடுப்புத் தருவார் இல்லை. அரசுதவி சில திங்கள் தாங்கும். பின்னர் தூளியோடு வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அலுவலகத்தில் பிறந்த குழந்தை, களத்துமேட்டில் பிறந்த குழந்தை என்று தாய்ப்பால் வேறுபாடு காட்டுவதில்லை, சட்டம் காட்டுகின்றது.

இரண்டாவது குறை பாதுகாவலைப் பற்றியது. அங்கன்வாடி, இரண்டு வயது நிரம்பிய குழந்தையை நண்பகல் வரையிலும் அதன் பின்னும் வைத்துக் காக்கின்றது. அதனினும் இளைய குழந்தைக்கு மாவுப்பொட்டலம் தருகின்றது. பொட்டலம் பசியாற்றும், தவழும் குழந்தையைத் தண்ணீர்த் தொட்டியருகே செல்லாமல் தடுக்குமா? 1969ஆம் ஆண்டில் தில்லியில், காந்தியடிகள் நூற்றாண்டு விழாவை ஒட்டிக் கட்டடப்பணி நடந்த இடத்தில், தொழிலாளர் குழந்தைகள் புழுதியில் கிடத்தலைக் கண்டு வருந்திய மீரா மகாதேவன் என்னும் அம்மையார், அவ்விடத்திலேயே காப்பகம் ஒன்று தொடங்கினார். வேலை இடம் மாறும்போது காப்பகமும் உடன் செல்லும். 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் பணிசெய்யும் இடத்தில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. 2017ஆம் ஆண்டுத் திருத்தமும் 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனத்திற்கே காப்பகத்தை விதித்தது. பத்துப் பெண்கள் வேலை செய்யும் இடத்திலும் குழந்தை தவழத்தானே செய்யும்?

காப்பகம் இல்லாத இடத்தில் காவலாய் அமைபவள் யார்? பெரும்பாலும் அக்குழந்தையின் அக்காள். பத்து அல்லது பன்னிரண்டு வயதுச் சிறுமி. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒருநாள் பள்ளிக்கு வாராள். பின் ஒரு வாரம் வாராள். பின் அவள் பெயரே வருகைப் பதிவேட்டிலிருந்து மறையும். தொட்டிலைத் தாங்க அரசின் கை நீளாதபொழுது, சிறுமியின் கைதான் நீள்கின்றது. அக்கையிலிருந்த ஏடு நழுவுகின்றது. ஒரு காப்பகம் இல்லாமையால் இரண்டு குழந்தைகளின் வாழ்வு குறைவுறுகின்றது.

'பிள்ளை வளர்த்தல் பெற்றோர் கடமை. அரசு அதனுள் புகுவது ஏன்?' என வினவுவார் உளர். அரசு தாயின் இடத்தைக் கொள்ள வரவில்லை. தாய் தாயாய் இருத்தற்கு வேண்டிய நாளை அவளுக்கு மீட்டுத் தருகின்றது. அவ்வளவே. 'செலவு மிகுமே' என்பாரும் உளர். நாற்றங்காலுக்கு நீர் பாய்ச்சாது மிச்சம் பிடித்த உழவன் அறுவடையில் என்ன காண்பான்? மற்றொரு தடை சற்று வலியது. விடுப்பூதியம் முழுவதையும் முதலாளியே தருதல் வேண்டும் என்றால், சிலர் பெண்களை வேலைக்கு அமர்த்தவே தயங்குவர். இத்தடைக்கு விடை அம்பேத்கர் உரையிலேயே உள்ளது. பயன் நாட்டுக்கு உரியதாயின் சுமையும் நாட்டுக்கு உரியது. அரசும் வேலை தருவோரும் பங்கிட்டுப் பொதுநிதி ஒன்றிலிருந்து வழங்கினால், தாயைப் பணியில் அமர்த்துதல் யார்க்கும் இழப்பாகாது. 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இவ்வழியை ஓரளவு காட்டியுள்ளது. அதனை வயலுக்கும் சூளைக்கும் நீட்டுதலே எஞ்சிய பணி.

தந்தையின் பங்கும் மறத்தற்குரியதன்று. பின்லாந்து 2022ஆம் ஆண்டில் தாய்க்கும் தந்தைக்கும் தலா 160 நாள் பெற்றோர் உதவித்தொகை வகுத்தது. தந்தையும் தொட்டிலருகே அமர்ந்தால் தாயின் சுமை பாதியாகும். குழந்தையின் மகிழ்ச்சி இருமடங்காகும்.

ஆகவே, நல்லரசு எது என்று அளந்தறிய விரும்புவார், அதன் கோட்டை மதிலையும் கருவூலத்தையும் மட்டும் நோக்குதல் போதாது. கட்டட மண்மேட்டின் அருகில் கட்டியிருக்கும் தூளியையும் சென்று நோக்குதல் வேண்டும். உள்ளே கிடக்கும் குழந்தைக்கு இது எத்தனையாவது திங்கள்? அதன் எடை என்ன? அதன் தாய் இன்று பாலூட்ட வருவாளா? அதன் அக்காள் பள்ளிக்குச் சென்றிருக்கின்றாளா? இவ்வினாக்களுக்கு விடை சொல்லவல்ல அரசே செங்கோல் அரசு. அரசினைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களுடையது. இன்று பள்ளியில் பயில்வோர் சில ஆண்டுகளில் அவ்வுரிமையை எய்துவர். அன்று அவர்கள் இவ்வினாக்களை மறவாது கேட்பாராயின், எல்லாக் குழந்தைக்கும் பருவங்கள் பத்தும் நிறைவாய் வாய்க்கும்.

பயிற்சி வினாக்கள்

1. பிள்ளைத்தமிழின் திங்கட் கணக்கும் மருத்துவரின் ஆயிரம் நாட் கணக்கும் எவ்வாறு ஒத்துள்ளன?
2. மகப்பேற்று விடுப்பு 26 வாரமாக அமைந்ததன் பொருத்தத்தை விளக்குக.
3. எடை அட்டையில் வரையப்பெற்ற கோடு தாய்க்கு உணர்த்திய செய்தி யாது?
4. விடுப்பூதியச் சுமையைப் பொதுநிதி ஏற்றல் வேண்டும் என்பதற்குக் கூறப்பெறும் காரணங்கள் யாவை?
5. உங்கள் ஊரில் வேலைக்குச் செல்லும் தாய்மார் தம் குழந்தைகளை யாரிடம் விட்டுச் செல்கின்றனர் என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.